ஏழு வாளிகள்

பெய்ப்ஸி ஏரியில் பனிப்பாளங்கள்
இன்னும் கரை ஒதுங்கிக் கிடக்கின்றன.
அதற்குள் வேலியோரம் பியோனிகள்
கிளம்பிவிட்டன, யாரும் கூப்பிடாமலே.

தளிர் என்று சொல்ல நா எழவில்லை.
இலை கிடையாது. பச்சை கிடையாது.
ஈரல் நிறத்தில் விரல் முட்டிகள்,
உள்ளிருந்து கதவைத் தட்டி
மண் திறந்துகொண்டதுபோல.

வீட்டை விற்கும்போது ஹெல்வே
பரணைக் காட்டவில்லை, கிணற்றைக் காட்டவில்லை.
இந்த மூலையில் நின்று ஒன்றுதான் சொன்னாள்:
"இடம் மாற்றிவிடாதே.
மூன்று வருஷம் முகம்கொடுத்துப் பேசாது."
பிறகு ஊர்க்கோடி அடுக்ககத்தில்
மூன்றாம் மாடிக்குக் குடிபோனாள்.
நான்கு வருஷம். வழியில் பார்த்தால்
தலையசைப்பாள், அவ்வளவே.

நேற்றிரவு மூடிவைக்க மறந்து தூங்கிவிட்டேன்.
விடியுமுன் விழித்தால்
வெப்பமானியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே நான்கு.
சூப்புப் பானை, மீன் கூடை,
மார்ட்டெனின் ஹெல்மெட் வரை
அள்ளிக்கொண்டு ஓடினேன்.
காலடியில் புல் அப்பளமாய் நொறுங்கியது.

அங்கே ஏற்கெனவே
கவிழ்ந்திருந்தன ஏழு வாளிகள்.
ஒன்றுகூட என்னுடையதில்லை.
உறைபனியில் வாசல்வரை ஒற்றைத் தடம்,
இடது கால் சற்றே இழுபட்டு.

வெயில் ஏறியபின் ஒவ்வொன்றாய்த் தூக்கினேன்.
ஒன்று கறுத்துத் துவண்டிருந்தது.
மற்றவை நேற்றைவிட
ஒரு நகக்கண் உயரம்.

வாளிகளை அடுக்கி
கதவுக்கு வெளியே, கைக்கு எட்டும்படி வைத்தேன்.
இன்றிரவும் உறையும் என்கிறது வானொலி.
தாழ்ப்பாள் போடவில்லை.