எத்தனை பெரியவர்கள்

நேரம்: பத்து நாற்பது.
இடம்: இடது மணிக்கட்டு.
எட்டுப் பல் வட்டமாகப் பதிந்திருக்கிறது,
முள் வைக்க மறந்துபோன கடிகாரம் மாதிரி.
தோல் கிழியவில்லை. ஈரத்துணி வைத்தோம்.
கடித்தது யார் என்ற இடத்தில்
'மற்றொரு குழந்தை' என்றுதான் எழுத வேண்டும்.
விதி அப்படி.
எனக்கும் சம்மதமான விதி.
இரண்டு வயதில் ஓர் ஆளுக்குப்
பல்லை வைத்துப் பட்டப்பெயர் வந்துவிடக் கூடாது.
ஆகவே உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

இதுவரை பேனா தடுக்கவில்லை.
அடுத்த கேள்வி:
அப்போது அறையில் எத்தனை பெரியவர்கள்?

ஓவுலு நகரத்தில் ஜனவரி. ஜன்னல்
அப்போதுதான் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்திருந்தது.
வெளியே மைனஸ் இருபது, விளையாட விட முடியாது.
மூன்றாமவளுக்குக் காய்ச்சல்.
எட்டுக் குழந்தைகள், நானும் மர்யுத்தும்.
நாலுக்கு ஒருத்தி. கணக்குச் சரியாகத்தான் இருந்தது
அவள் பையில் போன் அதிரும் வரை.
பதினாலு மாதமாகப் பேசாத தம்பி.
திரையைக் காட்டினாள். இரண்டு விரலைக் காட்டினாள்.
நான் தலையாட்டினேன்.

தலையாட்டியதற்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை.

ஆறு வருஷம் ஒரே அறை.
சிநேகிதியா என்றால் தெரியாது,
அவள் வீட்டு வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.
ஆனால் அவள் இருமலில்
சளி எது, கோபம் எது என்று தெரியும்.
என் மகனின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்த நாளில்
என் நாலு பேரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
'போ, போ' என்று துரத்தியவள்.
அன்று யாரும் யாரையும் கடிக்கவில்லை.
அதனால் அன்றைக்குத் தாள் இல்லை.

1 என்று எழுதினேன்.
எழுதி முடித்ததும் அது
ஒல்லியாக, விறைப்பாக,
வாத்தியாரிடம் கோள் சொல்ல எழுந்த பிள்ளைபோல் நின்றது.

சாப்பாட்டு மேசையில் வில்யா
கடித்த ஆளிடமே கையை நீட்டினாள்:
'மணி என்ன?'
அந்த ஆள் குனிந்து உற்றுப் பார்த்து
'சூப்பு' என்றது.

இரண்டாவது கையெழுத்து மர்யுத்துடையது.
கையுறை உலர்த்தும் அலமாரி முன்னால் வைத்துக் கொடுத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி படித்தாள்.
'நிமிஷத்தையும் எழுது' என்றாள்.
'இரண்டு இல்லை. நாலு.'
கையெழுத்துப் போட்டாள்.
பிறகு சூடான ஈரக் கம்பளி நாற்றத்தில் நின்று
இருவரும் கையுறைகளை ஜோடி சேர்த்தோம்.
தம்பி என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மூன்றே முக்காலுக்கு, நன்றாக இருட்டியபின்,
புருவத்தில் பனியோடு கைசு வந்தாள்.
மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
நின்றபடியே தாளைப் படித்தாள்.
'யார்?'
'மற்றொரு குழந்தை.'
அவள் விரல் வரிவரியாக இறங்கி
அந்த 1 மேல் வந்து நின்றது.
கீழே, தரையில் மண்டியிட்டு
வில்யாவின் பூட்ஸ் ஜிப்போடு மர்யுத் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
துணி சிக்கிய ஜிப்.
மேலே இழுக்காமல், ஒவ்வொரு பல்லாக
பின்னால் இறக்கிக்கொண்டிருந்தாள்.
விரலும் நகரவில்லை, ஜிப்பும் நகரவில்லை.
'மணி சூப்பு' என்றாள் வில்யா.
யாரும் சிரிக்கவில்லை.

நாளைக்கு இயக்குநர் இர்மெலி
எங்களைத் தனித்தனியாகக் கூப்பிடுவார்.
அதற்கு முன் ஏழு மணிக்குக் கதவு திறக்க வேண்டும்.
இந்த வாரம் சாவி அவளிடம்.