பேர் போடாத டிரைவ்

கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கில்
கணினியைச் சுற்றிக்கொண்டு வந்தாள் யோகமலர்.
பொகவந்தலாவையிலிருந்து அட்டனுக்கு மழையோடு பஸ்.
மருந்துக்கடைக்கு மேல்மாடி, பதினெட்டுப் படி.
"டீயைக் காணோம்" என்றாள் மூச்சு வாங்க.
நான் பிளாஸ்கை எடுக்கத் திரும்பினேன்.
"டீ டிரைவ், அண்ணே."

சி இருந்தது. அடுத்த வீட்டில் ஆளில்லை.
பிள்ளைக் காம்பராவின் ஆறு வருடம் அதில்தான்:
நாற்பத்தொரு பிள்ளைகளின் எடை, தடுப்பூசித் திகதி,
யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியல்.

மூடியைக் கழற்றினேன்.
குளிர் குடித்துக் கட்டியான தூசி, செத்த கரப்பான் ஒன்று.
வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினேன்.
ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்தேன்:
சுற்றுகிறது, தட்டவில்லை.
"சாகல்ல" என்றேன்.
அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால்
நீலப் பட்டையாக அங்கேயே கிடக்கிறது,
நலம் என்றும் எழுதியிருக்கிறது.
பக்கத்தில் எழுத்து மட்டும் இல்லை.
எட்டிப் பார்த்தாள்.
"வேலைக்கு வந்திருக்கு அண்ணே, பேர் போடல்ல."
இருபது வருடத் தொழிலில் இதை இவ்வளவு சரியாக
ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

அதன் எழுத்தில் வேறொன்று குந்தியிருந்தது.
டொங்கிள். செருகியவுடன் தன்னை ஒரு சீடியென்று சொல்லி
டீயைப் பிடித்துக்கொண்டது.
யார் தந்தது?
"ஆபீசில. இலவசமா. வந்து பூட்டியும் தந்தாங்க."

கழற்றினேன். எழுத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
நாற்பத்தொரு பெயரும் வரிசையாக எழும்பின.
ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்ததும்
புறப்படப் பார்த்தாள்.
அந்த இலவசம் என்ற சொல்
என்னைக் கொஞ்சம் உறுத்தியது.

கணினி எழும்பும்போதே கூட எழும்புகிறவர்களின் பட்டியலில்
பிரிண்டர் என்று ஒன்று.
அவளிடம் பிரிண்டர் இல்லை.
கங்காணி.
கண்காணி தேய்ந்துதான் அப்படியானது என்பார்கள்.
இவனுக்குத் தலைப்பாகை இல்லை, கோட்டு இல்லை,
அழுத்தும் எழுத்தையெல்லாம் குறித்துவைத்து
இரவு பத்துக்கு ஒரு முகவரிக்கு அனுப்புகிறான்.
முகவரியை வாசித்தாள்.
யாரென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
கீழே பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது.

குறிப்பைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாதோ.
*பால்மா பன்னிரண்டு பெட்டி என்று கையெழுத்து வாங்கினார்கள்
வந்தது ஒன்பது*
பிறகு அழிப்பு, அழிப்பு, அழிப்பு,
வரி முழுதும் தீரும்வரை.
மறுநாள் அதே வரி. மறுபடி அழிப்பு.
மூன்றாம் இரவு, *ஐயா அவர்களுக்கு*,
அதோடு சரி.

அனுப்பாத கடிதத்துக்கு அவளிடமே பிரதியில்லை.
அவன் வைத்திருந்தான்,
திகதியோடு, மணியோடு.

அழிக்கச் சொல்வாளென்று மவுஸில் கைவைத்திருந்தேன்.
"கொஞ்சம் இருங்க.
அந்த வரிய டீயில போட்டுத் தாங்க. திகதியோட.
பிறகு அவன அனுப்பலாம்."

போட்டேன். அதற்குப் பிறகுதான் துடைத்தேன்,
ஒருமுறைக்கு இரண்டுமுறை.
கடவுச்சொல்லை இதில் மாற்றவேண்டாம்,
வேறு ஃபோனில் மாற்றுங்கள் என்றேன்.
பிள்ளைகளின் பெயர் வைக்கவேண்டாம் என்றும் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
அவள் வைத்திருந்தது எந்தப் பிள்ளையின் பெயர் என்று
எனக்கும் இப்போது தெரியும்.
அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

டொங்கிளை மேசையிலேயே விட்டுவிட்டாள்.
பில்லில் 'டிரைவ் தேடியது, எண்ணூறு' என்று எழுதினேன்.
நாலே முக்காலுக்கு பஸ்.
படங்கைத் திரும்பச் சுற்றி
முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள்.