கொடுவாத் தலை

பிடரியில் ஒரு கொத்து மயிர் கேட்டாள்
வந்தாறுமூலைக் கெம்பசிலிருந்து வந்த பிள்ளை.
கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்து
தோலோடு ஒட்ட வெட்டி
நூல் கட்டி உறையில் போட்டு எழுதினாள்:
மரியநேசம், நாற்பத்தாறு, மீன் வியாபாரம்,
கிழமையில் ஆறு நாள் மீன்.
ஏழு என்று திருத்தச் சொன்னேன்.
வெள்ளியில் இறைச்சிதான் ஆகாது.

மயிரில் பாதரசம் இருக்குமாம்.
எனக்குத் தெரிந்த ரசம் இரண்டு.
காய்ச்சலுக்கு வைப்பது ஒன்று,
கண்ணாடிக்குப் பின்னால் பூசுவது மற்றது.
எங்கள் வீட்டுக் கண்ணாடியில் அதுவும் உரிந்து
பாதி முகம்தான் தெரியும்.
மிச்சம் எங்கே போயிற்று என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

மீன் சுற்றும் பேப்பரில் கீறிக் காட்டினாள்.
குப்பைமேட்டில் உடைந்த டியூப் லைட். மாரி மழை. வாவிச் சேறு.
சேற்றில் கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று
அதை உடம்பில் ஒட்டும் நஞ்சாக்கும்.
அதைப் புழு தின்னும், புழுவைக் கூனி,
கூனியைக் காரல், காரலைக் கொடுவா.
"கழுவினாலும் போகாதம்மா, அவிச்சாலும் போகாது.
ஏற ஏறக் கூடும்."

விளங்கிற்று.
செவ்வாய்தோறும் லோன்காரப் பொடியன் வருகிறான்.
பத்துப் பேர் சேர்ந்து எடுத்த காசு.
யோகவதி கட்டாததைப் பவளம் சுமந்தாள்,
பவளம் கட்டாருக்குப் போக
இரண்டும் வட்டியோடு என் தலையில்.
தண்ணிக்குள்ளும் இதே சங்கம்தானா!

"அப்ப கொடுவா தின்றவளுக்கு?"
பிள்ளை பேனையை மூடினாள்.
"வயித்தில பிள்ளை இருந்தா, அதுக்கும்.
இன்னும் ஒண்டும் உறுதியில்லை அம்மா.
முடிவு வர மூண்டு மாசம்."

மூன்று மாதத்தில் பன்னிரண்டு செவ்வாய்.

மறுகா, ஒரு திங்கள் விடிய
ஆறு கிலோவில் ஒரு கொடுவா.
செவுள் செம்பரத்தை, கண் பளிங்கு.
அத்தனை சுத்தமாய் ஒன்றை நான் விற்றதேயில்லை.
"தலை இருக்கா கா?" என்றாள்
கிளினிக் கொப்பியோடு வந்தவள். ஏழு மாதம் இருக்கும்.
தலைதான் வயிற்றுக்காரிக்கு நல்லதென்று
இருபது வருஷம் சொல்லி விற்றவள் நான்.

"அது வித்துப்போச்சு மகள்."
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது அது.
மணலையில் அரைக் கிலோ போட்டேன்.
சேறு தின்னிக்குக் கடன் குறைவு.
முறைத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குக் கூலர் வானில் வந்தவன்
தலை வேண்டாம், உடல் போதும் என்றான்.
பேசாமல் நிறுத்தேன்.
அடுத்த நாள் செவ்வாய்.

தலையைப் பூனைக்குப் போடவும் மனம் வரவில்லை.
கண்டல் ஓரம் முழங்கை ஆழத்தில் தாட்டேன்.

விடியப் போனால் கிடங்கு காலி.
கபரக்கொய்யா வால் இழுத்த கோடு
ஈரச் சேற்றில்
நேரே தண்ணிக்குள்.