நின்ற பிறகு

காலையில் கேட்டால் அது நல்ல பிள்ளை.
ஆறு மணிக்குச் சோக்கை இழுத்து ஒருதரம் திருகினால் போதும்,
புளூமெண்டல் வீதியில் எங்கள் ஒழுங்கையே விழித்துக்கொள்ளும்.
ஐம்பத்தாறாம் ஆண்டு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்,
பாலாடை நிறம்,
கலியாணங்களுக்கு மட்டும் வாடகைக்கு.

வில்லங்கம் பத்தரைக்கு மேலே.
கோயிலில் இருந்து படம் பிடிக்கும் இடம்வரை முனகாமல் ஓடும்.
அணைத்துவிட்டு இருபது நிமிடம் நிற்பேன்.
பிறகு திருகினால்
ஸ்டார்ட்டர் சுழலும், சுழலும்,
எஞ்சின் பிடிக்காது.
கோபித்துக் கதவைச் சாத்திக்கொண்டவர் வீடு மாதிரி:
உள்ளே நடமாட்டம் கேட்கும்,
ஆள் வராது.

பெற்றோல் கொதிக்குது, என்றார்கள்.
மூன்று மாதமாக எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்,
சாப்பிட வந்த விருந்தாளிகள் உட்பட.
வின்சன்ட் பாஸ் பம்புக்கு ஈரச்சீலை சுற்றினார்.
மச்சான் புரியாணிப் பார்சலின் அலுமினியத் தாளை
மினுக்கி எடுத்துக் குழாயில் சுருட்டினான்.
நான் உடுப்புக் கிளிப் பதினொன்றை
அதே குழாயில் வரிசையாய்க் கவ்வவிட்டேன்.
பிரிசில்லாவின் கொடியில் என் சாரம் பறந்து
பக்கத்து வளவுக்குப் போனது.

ஓடும்போது காற்று இருக்கிறது, விசிறி இருக்கிறது,
தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது.
நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும்,
சூடு மட்டும் நிற்காது.
இரும்பு தன் சூட்டை மெல்ல மேலே அனுப்பும்.
ஓடும்போது இல்லாத காய்ச்சல்
நின்ற பிறகு வரும்.
இது எனக்குத் தெரிந்திருந்தது.
தெரிந்ததாலேயே வேறெதையும் பார்க்கவில்லை.

மெலிற்றாவின் கலியாணம். காலிமுகத்திடல். நடுப்பகல்.
மாப்பிள்ளையும் இரண்டு தோழர்களும்
கோட்டோடு தள்ளி, கோட்டைக் கழற்றித் தள்ளி,
களைத்துப்போய்க் கடலைப் பார்த்தார்கள்.
பெண் இறங்கி வந்தாள்.
ஆசுப்பத்திரி லாப்பில் வேலையாம்.
"பெற்றோல் இல்லையெண்டு பாத்தனீங்களோ,
இல்லாட்டி நினைச்சனீங்களோ?"

கார்பரேட்டர் மூடியைத் திறந்தேன்.
கிண்ணம் நிறையப் பெற்றோல்.
அசையாமல், சாதுவாய்.

ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் கொழுவி
இரும்பில் சாய்த்தேன். மாப்பிள்ளை திருகினார்.
வெயிலில் ஒன்றும் தெரியவில்லை.
அவள் குடையைத் தாழ்த்தி
அதற்குமேல் தன் முக்காட்டையும் இழுத்துப்போட்டாள்.
அந்தக் கையகல இருட்டுக்குள்
நானும் அவளும் குனிந்து பார்த்தோம்:
மஞ்சள்.
நீலமாய்ப் பாயவேண்டிய பொறி
சோகை பிடித்த மஞ்சளாய் நொண்டியது.

மணப்பெண் முச்சக்கர வண்டியில் வெள்ளவத்தைக்குப் போனாள்.
முக்கால் மணி கழித்து ஒஸ்டின் ஒன்றும் நடக்காததுபோல் எழும்பியது.
ரிப்பன் கட்டிய வெறும் காரை ஓட்டிக்கொண்டு
காலி வீதி நெடுக நான் பின்னால் போனேன்.
பஸ்காரன் ஒருவன் வழிவிட்டு வாழ்த்தினான்.

அன்றிரவு பிரிசில்லாவின் தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்து,
எஞ்சினை ஓடவிட்டு,
டிஸ்ரிபியூட்டர் மூடியைச் சூடாக்கினேன். ஓடியது.
கொயிலைச் சூடாக்கினேன். ஓடியது.
சுண்டுவிரல் பருமன் கண்டென்சருக்குக் காட்டினேன்:
இருமியது, தடுமாறியது, செத்தது.
இவ்வளவு சின்னச் சாமான்.
கையில் எடுத்தபோது கொஞ்சம் வெட்கமாய் இருந்தது,
எனக்கா அதற்கா தெரியவில்லை.

பஞ்சிகாவத்தையில் ஜுனைதீன் கொடுத்த புதுசு
இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.
மூன்றாம் நாள் முணுமுணுத்தபடி
பிஸ்கட் டின்னைக் கிளறிப் பழையது ஒன்று தந்தார்.
காசு வாங்கவில்லை. "ஓடினா வாங்க," என்றார்.

செவ்வாய்க்கிழமை. அதே திடல், அதே பன்னிரண்டு மணி.
அணைத்துவிட்டு இறால் வடை இரண்டு தின்றேன்.
இருபது நிமிடம். இன்னும் ஐந்து.
திருகினேன்.

கிளிப் பதினொன்றும் குழாயில்தான் இருக்கின்றன.
அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லையென்று தெரியும்.
பிரிசில்லா இரண்டுதரம் கேட்டுவிட்டாள்.
இந்தச் சனிக்கிழமைக் கலியாணம் ஒன்று
போகட்டும் என்றிருக்கிறேன்.