சாக்கு எடை

மாதத்தின் முதல் இரண்டு வெள்ளி,
அப்புறம் இரண்டு ஞாயிறு
ரேஷன் கடைக்கு விடுமுறை.
முந்தின சாயங்காலம் பில் மெஷினைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பினால்
ஒரு ராத்திரி, ஒரு பகல்.
அதற்கு எவ்வளவு பெரிய பை வேண்டும்?

டவுன்ஹால் ரோட்டில், இதாயத்துல்லா கடையில்
பைகளெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொங்கின.
நாற்பது லிட்டர், அறுபது லிட்டர் என்றார்
பால் ஊற்றப்போவதுபோல.
இடுப்புக்குப் பட்டை, மார்புக்குப் பட்டை,
மழைக்கு ஒரு சட்டை, விசில் வைத்த கொக்கி,
எங்கே திறக்கிறதென்று தெரியாத பதினொரு ஜிப்.
"இமயமலைக்கே போகலாம்மா."
நான் சிறுமலைக்குப் போகிறேன்.
வாடிப்பட்டி வரை பஸ், அப்புறம் கால்.

உள்ளே கைவிட்டேன்.
கசங்கிய செய்தித்தாள் வந்தது,
வந்துகொண்டே இருந்தது:
கண்ணீர் அஞ்சலி, நகைக்கடன் ஏலம்,
பாதி முகத்தோடு ஒரு அமைச்சர்.
நின்றுகொண்டிருந்த பை
உட்கார்ந்தது.
வெறுமையாகியும் கனத்தது.
ஒன்றே முக்கால் கிலோ, கையே சொன்னது.

என் கைக்குத் தெரியும்.
பதினேழு வருஷமாக
ஐம்பது கிலோ என்று எழுதி வருகிற மூட்டையில்
சாக்கு மட்டும் அறுநூறு கிராம்.
அந்த அறுநூறு யார் கணக்கு?
லாரிக்காரரைக் கேட்டால் குடோனைக் காட்டுவார்,
குடோன் மேலே பார்க்கும்.
கார்டுக்காரர்கள் தராசைப் பார்ப்பார்கள்,
பிறகு என்னைப் பார்ப்பார்கள்.
உள்ளே இருப்பதற்குத்தான் எல்லோரும் கணக்குக் கேட்பது.
சுற்றியிருப்பது
யார் தலையிலாவது விடிந்துவிடும்.

மேல் தட்டில், குடைகளுக்குப் பின்னால்
மடித்துக் கிடந்தது ஒன்று.
சாம்பல் நிறம். வெங்காயத்தோல் மாதிரித் துணி.
ஒரு வாய், பக்கத்தில் பாட்டிலுக்கு ஒரு வலை,
இரண்டே பட்டை.
"அது புள்ளைங்க டியூஷனுக்குப் போறது.
கல்லு முள்ளுல கிழிஞ்சிரும்."

ஒயர் கூடையில் கொண்டுபோயிருந்ததையெல்லாம்
அவர் மேஜையிலேயே அடுக்கினேன்.
போர்வை முதுகுப் பக்கம்
(போன தடவை டார்ச் லைட்
எலும்போடு பேசிக்கொண்டே வந்தது),
தண்ணீர் நடுவில், முதுகை ஒட்டி,
மாற்றுச் சுடிதார் மேலே.
குடையை ஹெப்சிபா அன்றைக்கே தள்ளுபடி செய்துவிட்டாள்.
இரண்டாவது துண்டையும்.
ஒருவேளை குளிரினால் ஸ்வெட்டர்,
ஒருவேளை பசித்தால் இன்னொரு பாக்கெட் ரொட்டி.
இத்தனை நாளும் என் பைகளில்
அதிகம் கனத்தது
அந்த ஒருவேளைதான்.

எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவிட்டு
எடை கேட்டேன்.
கடையில் தராசு இல்லை.
வாசலில் பூ விற்கிற ஒச்சம்மாளிடம் இருந்தது.
சரத்தை ஒதுக்கி, தட்டைத் துடைத்து, வைத்தாள்.
நானூற்று எழுபது.
சாக்கைவிடக் கம்மி.
"மல்லியா இருந்தா
இன்னிக்கு வெலைக்கு ஆயிரத்து நானூறு" என்றாள்.
பை ஆயிரத்து நூறு.
இதாயத்துல்லா ரோட்டைப் பார்த்தார்,
ஐம்பது குறைத்தார்.

வெள்ளிக்கிழமை, இரண்டாவது ஏற்றம்.
ஹெப்சிபாவின் பை நெறுநெறுவென்று ஏதோ முனகியது.
என்னுடையதில்
மிளகுக்கொடி ஒருமுறை மாட்டி இழுத்தது.
நின்று, திரும்பி, விரலால் தடவினேன்.
கிழியவில்லை.
ஒரு நூல் மட்டும் வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

பலாமர நிழலில் எலுமிச்சை சாதத்துக்காகக் கைவிட்டால்
அடியில் ஒரு காகிதம்.
கடைக்காரர் திணித்ததில் மிச்சம்,
மணமகன் தேவை பக்கத்தில் பாதி.
ஒச்சம்மாள் தராசில் இதுவும் சேர்ந்துதான் ஏறியிருக்கிறது.
விரித்து, அதன்மேல் சாப்பிட்டோம்.
சிவந்த நிறம், சொந்த வீடு, குடிப்பழக்கம் இல்லாத
என்பதற்கு மேலே
ஊறுகாய் எண்ணெய் பரவியது.

காட்டில் போட முடியாது.
நான்காக மடித்து உள்ளே வைத்தேன்.
இறங்கும்போது தோளில் எதுவும் தெரியவில்லை.
இருந்தாலும் சனிக்கிழமை
கடை திறந்ததும், முதல் கார்டு வருவதற்குள்
வெறும் பையை ஒருதரம்
போட்டுப் பார்க்க வேண்டும்.