பத்துக்கு ஆறு

பத்தடி நீளம், ஆறடி உயரம்.
கெடிலம் பாலத்துக் கம்பியில் கட்ட
நாலு மூலையிலும் வளையம் வேண்டும் என்றார்கள்.
முகம் பெரிதாக. கண் சிவப்பாக.
கீழே ஒரே சொல்: திருடன்.

வாட்ஸப்பில் வந்த படம்.
யார் வீட்டுக் காதுகுத்திலோ எடுத்தது.
தெய்வசிகாமணியின் தோளில்
வேறொருவர் கை இருந்தது.
முதலில் கையை அழித்தேன்.
பிறகு பந்தல், வாழைமரம்,
ஐஸ்கிரீம் தின்கிற ஒரு பிள்ளையின் பாதி.
ஓரம் வெட்ட நானூறு சதவீதம் பெரிதாக்கினால்
முகம் என்று ஒன்று கிடையாது.
பழுப்புச் சதுரங்கள், அவ்வளவுதான்.
எந்தச் சதுரத்திலும் எழுதியிருக்கவில்லை
எடுத்தாரா இல்லையா என்று.

கூட்டுறவுச் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளர்.
பதினெட்டு வருஷம் உரைகல்லில் தேய்த்து
இது தங்கம், இது முலாம் என்று சொன்ன ஆள்.
போன ஆடியில் என் மனைவியின் வளையலுக்கு
கிராமுக்கு இருநூறு குறைத்தவர்;
எனக்கும் அவர்மேல் பிரியம் கிடையாது.
அடகு மீட்கப் போன பதினோரு பேர் பையில்
கவரிங் இருந்தது.
சாவி மூன்று பேரிடம் என்கிறார்கள்.
போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு
அனுப்பிவிட்டது.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு.
மீதியெல்லாம் டீக்கடைக்குத் தெரிந்தது.

"அக்கா, 'என்று சந்தேகிக்கப்படும்' சேர்க்கலாமா?
சொல்லுக்குக் காசில்லை, சதுர அடிக்குத்தான்."
அஞ்சலாட்சி திரையைப் பார்த்தாள்.
நீளமான அந்தச் சொல் உள்ளே வந்ததும்
திருடன் சுருங்கி
ஒரு ஓரத்துக்குப் போனான்.
"பண்ருட்டி பஸ்ஸுல போறவனுக்கு
இது கண்ணுக்குத் தெரியுமா?"
தெரியாதுதான்.

நாற்பது நாளில் மகளுக்குக் கல்யாணம்.
சங்கிலி கிடந்த கழுத்தில்
மஞ்சள் கயிறு மட்டும்.
"நகை போனது சந்தேகமா?
அதையும் சந்தேகிக்கப்படும்னு போடுவியா?
நீ யார் பக்கம்?"

இல்லை அக்கா, போனது போனதுதான்.
அதை இருபதடியில் போடலாம்,
ஓர் எழுத்தும் சுருக்காமல்.
எடுத்தது யார் என்கிற இடத்துக்குத்தான்
என்னிடம் எழுத்து இல்லை.

இதை இப்போது எழுதுகிறேன்.
அப்போது சொன்னது:
"மெஷின்ல மை தீர்ந்துபோச்சு."

முன்பணம் ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பாலத்தில்
கடல்காற்றுக்கு உப்பி உப்பி அடங்கியது பேனர்.
வேறு கடை அச்சு. வெட்டு சரியில்லை.
தோளில் அந்தக் கையின் நாலு விரல்
அப்படியே இருந்தது.
யாரோ இன்னும் அவரை விடாத மாதிரி,
அல்லது பிடித்து நிறுத்தியிருக்கிற மாதிரி.
பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கும்வரை
வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
என் வெட்டு இதைவிட நேர்த்தி என்று
ஒரு நிமிஷம் நினைத்தும்விட்டேன்.

ராத்திரி மஞ்சக்குப்பம் கடையைப் பூட்டுமுன்
அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று தேடினேன்.
தெய்வசிகாமணி என்று அடித்தேன்.
ஒன்றும் வரவில்லை.
சிகாமணி. வரவில்லை.
ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில்
பிறந்தநாள்களுக்கும் கண்ணீர் அஞ்சலிகளுக்கும் நடுவே கிடந்தது,
காலையில் படம் வந்த கையோடு
யாரும் கேட்காமல்
நானே வைத்த பெயரில்:
திருடன் ஃபைனல் 2.