பதினேழுக்குப் பிறகு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற தேதியை
பால் கணக்குக் காலண்டரில் நான் குறிப்பதில்லை.
குறித்தால் அவர் பார்த்துவிடுவார்.
அரிசி டின் மூடிக்கு உட்பக்கம் எழுதுவேன்,
பென்சிலால்.

கும்மிடிப்பூண்டி முகாமில் எங்கள் வரிசைக்கு
வடக்கே சவுக்குத் தோப்பு,
அதற்கப்பால் ஆரம்பாக்கம், செக்போஸ்ட், தடா,
பிறகு ஏரி.
ஏரிக்கு அந்தக் கரையில் இருந்துதான் கிளம்பும்.
முதலில் வெளிச்சம்.
சத்தம் ஆறுதலாக வரும், இரண்டு நிமிஷம் கழித்து,
ஆந்திரா பஸ் மாதிரி.
வந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பல்லைக் கடிக்கும்.

பிள்ளைகள் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே.
மீன் கொண்டுவரும் போலம்மா
கூடையை இறக்கிவிட்டுக் கத்தினாள்:
‘சூடு! சூடு!’
தெலுங்கில் அது ‘பார்’.
எங்கட ஊரில் சூடு என்றால்
ஒருவருக்குப் படுவது.

அவர் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார்,
கையில் பிடித்த பெயின்ட் வாளியோடு.

அங்கே ஷெல் குத்துகிற சத்தம் கேட்டதும்
எண்ணத் தொடங்குவோம்.
பதினேழுக்குள் விழும்.
பதினெட்டு என்று சொல்ல வாய் இருந்தால்
விழுந்தது வேறு யாருடையவோ வீடு.
பதினெட்டு சொன்னபோதெல்லாம்
நாங்கள் சந்தோஷப்பட்டோம்.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வருகிற டாக்டர் நல்ல பொடியன்.
‘இவருக்கு வருத்தம்’ என்றேன்.
எங்களுக்கு வருத்தம் என்றால் நோய்.
அவன் துக்கம் என்று விளங்கிக்கொண்டு
‘எத்தனை நாளா?’ என்றான்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொன்னேன்.
வெள்ளை மாத்திரை, இரவில் ஒன்று.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
நான் பதினாலு வருஷமாகச்
செருப்போடு படுக்கிறவள்.
கேட்டிருந்தால் பனிக்கு என்றிருப்பேன்,
சித்திரையிலும்.

டிவியில் ஆட்கள் பின்னோக்கி எண்ணிப்
பூச்சியத்தில் நிறுத்துகிறார்கள்.
சத்தம் வந்து சேர்ந்ததும்
இவர் ஒன்றில் தொடங்குகிறார்.
பதினேழு.
பதினெட்டு.
ஒன்றும் விழவில்லை.
ஆகவே நிறுத்த முடியவில்லை.
நாற்பது. நூற்றிருபது.
தொட்டியில் இருந்து பிள்ளைகள் இறங்கியாயிற்று.
போலம்மா அடுத்த வரிசையில்
வவ்வால் மீனுக்கு விலை சொல்கிறாள்.
அறுநூறு.
இப்போது எண் இல்லை, உதடு மட்டும்.
நான் கட்டில் சட்டத்தில் கை வைத்து நிற்கிறேன்.
அது ஆடுகிறது.

கம்சிகா இங்கே பிறந்தவள்.
அறிவியல் நோட்டில் ராக்கெட் வரைந்து
டீச்சரிடம் மூன்று நட்சத்திரம் வாங்கியவள்.
பள்ளிச் சீருடை அழுக்காகும் என்று பாராமல்
போனோடு குப்புற ஊர்ந்து உள்ளே போனாள்.
‘அப்பா, பாருங்க, பிரிஞ்சிடுச்சு.
எல்லாரும் கை தட்டுறாங்க.
இனிமே விழாது.’

‘விழாமல்?’

‘சுத்திக்கிட்டே இருக்கும்பா.
நம்ம தலைக்கு மேலதான்.’

எண்ணுவதை நிறுத்தினார்.
நிறுத்தினார் என்றுதான் நானும் நினைத்தேன்,
அடுப்பில் தண்ணீர் வைக்கத் திரும்பினேன்.

‘எத்தனை வருஷத்துக்கு?’
என்று கட்டிலுக்குக் கீழே இருந்து கேட்டது.

அவளுக்குத் தெரியவில்லை.
தேடினாள்.
நெட் கிடைக்காமல்
போனில் ஒரு சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஏழு மணி ரயிலில் தடாவுக்குப் போய்
ஒரு கல்யாண மண்டபத்துக்கு
மஞ்சள் அடித்துவிட்டு வந்தார்.
சம்பளத்தை எண்ணாமல் என்னிடம் தந்தார்.
நான் மூடியில் எழுதியதை ரப்பரால் அழித்தேன்.
இரவுச் சோற்றுக்கு அரிசி அளந்தேன்.
என் வாய் பதினெட்டு என்றது.
சட்டியில் இருந்தது
நாலு சுண்டு.
திரும்ப டின்னுக்குள் கொட்டினேன்,
முதலில் இருந்து அளக்க.